சுவானி 1899: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: ஆறே நாளில் ஐந்து ஆட்டம் ஜெயித்தார்கள் என்பது நிஜமா, கட்டுக்கதையா?

ப: நிஜம். சுவானி என்பது அமெரிக்காவின் டென்னசியில் மலைமேல் இருக்கிற சின்னக் கல்லூரி. அதன் அமெரிக்கன் ஃபுட்பால் அணி மற்ற கல்லூரி அணிகளை வரிசையாக அடித்த கதை இது. 1899 நவம்பர் 9, ஆஸ்டினில் டெக்சாஸை 12-0. மறுநாள் ஹூஸ்டனில் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மை 10-0. அதற்கு மறுநாள் நியூ ஆர்லியன்ஸில் டுலேனை 23-0. ஞாயிறு ஓய்வு. 13ஆம் தேதி பேட்டன் ரூஜில் எல்.எஸ்.யூ.வை (லூசியானா ஸ்டேட்) 34-0, 14ஆம் தேதி மெம்ஃபிஸில் மிசிசிப்பியை 12-0. ஐந்து அணியும் சேர்ந்து ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. மொத்தம் சுமார் 2,500 மைல் ரயில் பயணம். குடிதண்ணீரைக்கூட ஊரிலிருந்தே பீப்பாயில் ஏற்றிப் போனார்கள். களத்தை விட்டு வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் திரும்ப வர முடியாது என்பது அன்றைய விதி. வயிற்றைக் கெடுத்துக்கொண்டால் கதை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை: ஸ்கோரை இன்றைய கணக்கில் பார்க்காதீர்கள். டச்டவுனுக்கு, அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவதற்கு, அன்று 5 புள்ளிதான்; இன்று 6.

கே: மெஸ்ஸி காலத்தில் இந்த டீம் தாக்குப்பிடிக்குமா?

ப: இது அமெரிக்கன் ஃபுட்பால். வேறு விளையாட்டு.

கே: இப்படி ஒரு பயணம் எதற்கு?

ப: பணம். வாண்டர்பில்ட் கல்லூரியோடு டிக்கெட் வசூலைப் பங்கு பிரிப்பதில் தகராறு, அந்த ஆட்டமே இல்லாமல் போயிற்று. அந்த வருமானத்தை ஈடுகட்ட அணி மேலாளர் லூக் லீ போட்ட திட்டம் இது. அவரும் மாணவர்தான்! பின்னாளில் செனட்டர் ஆனார். 1919 ஜனவரியில் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்திருந்த ஜெர்மனியின் முன்னாள் பேரரசர் கைசரைத் தூக்கி வரச் சில சிப்பாய்களோடு கிளம்பினார். கோட்டைக்குள் போயும் ஆள் சிக்கவில்லை, கூட வந்தவர் ஒரு சாம்பல் கிண்ணத்தை எடுத்து வந்ததுதான் மிச்சம். கைசரையே கடத்தத் துணிந்தவருக்கு ரயில் அட்டவணை எம்மாத்திரம்?

கே: எத்தனை கோல் போட்டார்கள்?

ப: மேலே இரண்டாவது பதில்.

கே: தெற்கத்தி அணிகளை அடித்தது ஒரு சாதனையா? அந்த வருஷம் ஹார்வர்ட்தானே முதலிடம்?

ப: ஹார்வர்ட் தோற்கவில்லை, சரி. ஆனால் யேலோடு 0-0 சமன். சுவானி ஆடிய 12லும் வெற்றி, 322 புள்ளி எடுத்து 10 கொடுத்தது.

கே: (அதே நண்பர்) கம்பர்லண்ட் கல்லூரியை 71-0 அடித்தால் 322 வரத்தான் செய்யும். யேலோடு ஆடிப் பார்க்கட்டும்!

ப: கம்பர்லண்ட் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. சுவானி ஹார்வர்டும் யேலும் இருக்கும் கிழக்கே போய் ஆடவில்லை என்பதும் உண்மை. இன்னொன்றையும் நானே சேர்க்கிறேன்: தெற்கத்திக் கல்லூரி அணிகளில் அன்று கறுப்பின மாணவருக்கு இடமே கிடையாது. ஹார்வர்டில் கறுப்பினத்தவரான வில்லியம் லூயிஸ் 1890களின் தொடக்கத்திலேயே ஆடிவிட்டார். ஆனால் ஆறு நாளில் ஐந்து ஆட்டத்தை எந்தக் கிழக்கத்தி அணி ஆடிக் காட்டியது? ஒன்றைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

கே: (மூன்றாமவர்) ஆபர்ன் கல்லூரியோடு ஆடிய ஆட்டத்தை மறந்துவிட்டீர்களே இருவரும்.

ப: அதுதான் சரியான உரைகல். நவம்பர் 30, மான்ட்கோமரி, 11-10. சீசன் முழுக்க சுவானி கொடுத்த 10 புள்ளியும் அந்த ஒரே ஆட்டத்தில்தான். ஆபர்ன் பயிற்சியாளர் ஜான் ஹைஸ்மன். இன்று சிறந்த கல்லூரி வீரருக்குத் தரும் கோப்பை அவர் பெயரில்தான் இருக்கிறது. இரண்டே நாளில் அட்லாண்டாவில் வட கரோலினாவை 5-0 என்று முடித்தார்கள். மறுபடி சொல்கிறேன், அந்த 5ஐ இன்றைய கண்ணால் பார்க்காதீர்கள்.

கே: குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்தும் வீரர்) எத்தனை பாஸ் எறிந்தார்?

ப: பூஜ்யம். முன்னோக்கி எறிவது 1906இல்தான் சட்டபூர்வம் ஆனது.

கே: சுவானி இப்போது எங்கே?

ப: 1932இல் எஸ்.இ.சி. என்ற தென்கிழக்குக் கல்லூரிகளின் விளையாட்டுக் கூட்டமைப்பு தொடங்கியபோது அதில் ஓர் உறுப்பினர். அந்தப் போட்டித் தொடரில் ஃபுட்பாலில் ஒரு வெற்றிகூட இல்லாமல் 1940இல் வெளியேறியது. இப்போது ஸ்காலர்ஷிப் தராத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.

கே: இதில் கோல்கீப்பர் யார்?

ப: அடுத்த கேள்வி.