கணிப்பை எழுதிய பிறகு கல்லை ஆட்டுங்கள்

கேள்வி: நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். செய்முறை காட்டும்போது மாணவர்கள் ஆவலோடு பார்க்கிறார்கள்; மறுநாள் கேட்டால் ஒருவருக்கும் எதுவும் நினைவில் இருப்பதில்லை. கேள்வி கேட்டால் அதே நான்கைந்து பேர்தான் கை தூக்குகிறார்கள். சரியான பதிலுக்குச் சிறு பரிசுகள் கொடுத்தேன். முதலில் சூடு பிடித்தது, இப்போது பரிசு இல்லாத நாளில் வகுப்பே மந்தமாகிவிடுகிறது. ஆய்வுக்கூட வசதியும் குறைவு, பாடத்தையும் முடித்தாக வேண்டும். இவர்களுக்கு எப்படி ஆர்வமூட்டுவது?

பதில்: அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. செய்முறை நடக்கும்போது அவர்களுக்கு அங்கே வேலை எதுவும் இல்லை, அதுதான் குறை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே ஒரு பக்கம் சாயாதவருக்கு எது நடந்தாலும் ஒன்றுதான். ஆகவே, செய்து காட்டுவதற்கு முன் என்ன நடக்கும், ஏன் அப்படி நடக்கும் என்பதை ஒவ்வொரு மாணவரும் தம் நோட்டில் எழுதியாக வேண்டும் என்ற ஒரே ஒரு வழக்கத்தை முதலில் கொண்டுவாருங்கள். வாயால் சொல்வது போதாது. முதலில் பேசுபவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்லிவிடுவார்கள், பிறகு மாற்றிக்கொள்வதும் எளிது.

ஊசல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதற்கு நூலும் இரண்டு கற்களும் விநாடி காட்டும் கடிகாரமும் போதும். தொங்கவிடும் இடத்திலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்கும்படி கட்டிச் சிறிய கோணத்தில் ஆட்டிவிட்டால், 10 அலைவுகளுக்கு (ஒருமுறை போய்த் திரும்பி வருவது ஓர் அலைவு) ஏறக்குறைய 20 விநாடிகள் ஆகும். அங்கே நிறுத்திவிட்டு, கனமான கல்லைக் கட்டினால் நேரம் கூடுமா, குறையுமா, மாறாதா என்று எழுதச் சொல்லுங்கள். கனமானது வேகமாக ஆடும் என்று பலரும், மெதுவாகத்தான் ஆடும் என்று சிலரும் எழுதுவார்கள். இரு தரப்பிடமும் காரணம் இருக்கும். அதன் பிறகே கல்லை ஆட்டுங்கள். நேரம் மாறாது. அடுத்து நீளத்தை 50 சென்டிமீட்டராக்கினால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நேரமும் பாதியாகும் என்று வகுப்பே அடித்துச் சொல்லும். கடிகாரமோ 14 விநாடி காட்டும். 10 விநாடிக்கு வர நீளத்தை 25 சென்டிமீட்டராகக் குறைக்க வேண்டும். இந்தக் கணக்கை யாராவது கண்டுபிடிக்கும்வரை பொறுத்திருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டாம்.

இதில் ஒரு பொறியும் உண்டு. நூலின் நீளத்தைச் சரிசெய்யாமல் பெரிய கல்லைக் கட்டினால் அதன் நடுப்பகுதி சற்றுக் கீழே இறங்கும். ஊசலின் நீளம் கூடிவிடும். 1 மீட்டர் ஊசலில் 3 சென்டிமீட்டர் இறங்கினாலே 50 அலைவுகளில் ஒன்றரை விநாடி அதிகமாகும். மெதுவாக ஆடும் என்று எழுதியவர்கள் 'பார்த்தீர்களா!' என்பார்கள். இதைச் செய்முறைப் பிழை என்று தள்ளிவிட்டு மேலே போகும் ஆசிரியர், என் பார்வையில், அன்றைய பாடத்தின் சிறந்த பகுதியைக் கைநழுவ விடுகிறார். அந்த ஒன்றரை விநாடி எங்கிருந்து வந்தது என்று அவர்களே அளவுகோலை எடுத்துக்கொண்டு தேடட்டும்.

கை தூக்குபவர்கள் நான்கைந்து பேர்தான் என்பதற்கு உங்கள் அவசரமும் ஒரு காரணமாக இருக்கலாம். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதைக் கண்டார். மூன்று விநாடிகளுக்கு மேல் காத்திருந்த வகுப்புகளில் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் வகுப்பின் முன்னால் நிற்பவருக்கு எவ்வளவு நீளமானது என்பது செய்து பார்த்தால்தான் தெரியும்.

பரிசுகளை நிறுத்திவிடுங்கள். 1973இல் உளவியலாளர் மார்க் லெப்பரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே விருப்பத்தோடு படம் வரைந்துகொண்டிருந்த சிறு குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிவிட்டு அப்படியே கொடுத்தார்கள். பிறகு, பரிசுப் பேச்சே இல்லாத வேளையில், அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு இல்லை. எனவே பாராட்டுவதில் தவறில்லை. விலை பேசுவதுதான் கூடாது. தவறான கணிப்புக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், காரணம் எழுதாமல் விட்டவருக்கு மட்டும் குறையுங்கள்.

கருவியே இல்லாத பாடங்களுக்கு அறிவியல் வரலாறு கைகொடுக்கும். பதினேழாம் நூற்றாண்டு அறிவியலாளரான வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்தாண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். மரம் சுமார் 169 பவுண்டாக வளர்ந்திருந்தது. இந்த இடத்தில் கதையை நிறுத்தி, மண் எவ்வளவு குறைந்திருக்கும் என்று எழுதச் சொல்லுங்கள். உண்மையில் குறைந்தது ஏறக்குறைய 2 அவுன்ஸ்தான் (சுமார் 60 கிராம்). மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவு செய்தார்; அவருடைய மறைவுக்குப் பின் 1648இல் அது அச்சில் வந்தது. கவனமாக அளந்தவர் முடிவில் மட்டும் எங்கே தவறினார் என்று வகுப்பைக் கேட்டால், காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடுக்கு அவர்களே வந்து சேர வழியிருக்கிறது. ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டை அதற்குப் பிறகு எழுதிப்போடலாம்.

பாடத்தை முடிக்கும் கவலை நியாயமானது. எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது, தேவையும் இல்லை. வகைப்பாடு, பெயரிடுதல் போன்றவற்றை நேரடியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு நகருங்கள். மின்னோட்டம் பல்பில் செலவாகிவிடுகிறது, கனமான பொருள்தான் முதலில் விழும் என்பன போல, மாணவர்கள் ஏற்கெனவே தவறான எண்ணத்தோடு வரும் இடங்களுக்கு இந்த நேரத்தை ஒதுக்குங்கள்.

கடைசியாக, நீங்களே வினாத்தாள் தயாரிக்கும் வகுப்புத் தேர்வுகளையும் மாற்றியாக வேண்டும். தேர்வில் வராததை மாணவர்கள் நெடுநாள் மதிக்க மாட்டார்கள். ஊசலின் அலைவு நேரம் எதைப் பொறுத்தது என்று கேட்பதற்குப் பதிலாக, நீளத்தை 2 மீட்டராக்கினால் 10 அலைவுகளுக்கு எவ்வளவு நேரமாகும் என்று கேளுங்கள். சுமார் 28 விநாடி என்ற விடைக்கு ஒரு மதிப்பெண்ணும், அதற்கான காரணத்துக்கு இரண்டு மதிப்பெண்களும் கொடுங்கள்.