டர்பனில் துணிக் கூரை வண்டிக்கு எந்த டாஷ் கேம்? பின் கேமராவை எங்கே மாட்டுவது?

உங்களிடம் இருப்பது மாஸ்டா எம்எக்ஸ்-5, துணிக் கூரை. ஓட்டும்போது முன்னும் பின்னும் சாலை வீடியோவாகப் பதிவாக வேண்டும், கேமரா திருட்டுப் போகக் கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சாட்ஸ்வர்த்தில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன். என்னைக் கேட்டால், கார் கேமராவை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளுக்கான கேமராவை வாங்குங்கள் என்பேன்.

மூடிய காரில் பின் கேமராவைப் பின் கண்ணாடியில் ஒட்டி, வயரைக் கூரையின் உள்துணிக்குள் செருகி முன்னால் கொண்டுவந்துவிடுவோம். உங்கள் வண்டியில் இரண்டுமே நடக்காது. பின் கண்ணாடி கூரையோடு சேர்ந்து மடிந்து, இருக்கைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் கேமரா ஒட்டியிருந்தால் ஒன்று கேமரா நசுங்கும், இல்லையென்றால் கூரைத் துணி கிழியும். இருக்கைக்குப் பின்னாலுள்ள வளைவுக் கம்பியில் மாட்டுகிறவர்களும் உண்டு. கூரை திறந்திருக்கும் வரை படம் அருமையாக வரும். மூடிவிட்டால் அந்தச் சின்னக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க வேண்டும். குறுக்கே சூட்டுக் கம்பிகள் ஓடும், இரவில் பின்னால் வருகிறவன் ஹெட்லைட் கண்ணாடியில் பட்டுச் சிதறும், நம்பர் பிளேட் ஒன்றும் தெரியாது.

மோட்டார் சைக்கிள் செட்டில் தண்ணீர் புகாத இரண்டு சின்ன லென்ஸ்கள் வரும். பதிவுப் பெட்டி தனி. இன்னோவ் கே வரிசை, திங்க்வேர் எம்1 எல்லாம் இந்த வகைதான். முன் லென்ஸைக் கண்ணாடிக்கு உள்ளே ஒட்டலாம். பின் லென்ஸை நம்பர் பிளேட்டுக்கு மேலே வெளியே மாட்டலாம். கூரை திறந்தாலும் மூடினாலும் அதற்கு ஒரே காட்சி. பெட்டியும் மெமரி கார்டும் பூட்டிய டிக்கிக்குள் இருக்கும். விலை கூடுதல்தான். திரை கிடையாது, போனில் வைஃபை போட்டுத்தான் பார்க்க வேண்டும். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஓட்டுகிறவனுக்குத் திரை எதற்கு?

திருட்டுக்கும் இதுதான் பதில். சிக்னலில் நிற்கும்போது கண்ணாடியை உடைத்துப் பறிக்கிற கூட்டம் இங்கே இருப்பது உங்களுக்கே தெரியும். துணிக் கூரைக்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம், ஒரு கத்தி போதும். கேமராவுக்காகக் கூரையை அறுத்தால் புதுக் கூரை போடுகிற செலவு கேமரா விலையைப் போல் பல மடங்கு வரும். அதனால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு எடுக்கத்தக்கதாக எதுவும் தெரியக் கூடாது. கருப்பாக ஒரு லென்ஸ் முனை தெரிந்தால் யாரும் கை வைப்பதில்லை. இன்னொன்று: மால் பார்க்கிங்கில் ரிமோட் சிக்னலைத் தடுக்கும் கருவியோடு ஆள் நிற்பான். பட்டனை அழுத்திவிட்டு நடக்காமல், கதவையும் டிக்கியையும் கையால் இழுத்துப் பாருங்கள். மவுண்ட் எட்ஜ்கோம் கோயிலில் காவடி அன்றைக்குத் தெருவோரம் நிறுத்தினால், மேலங்கி போட்டுக்கொண்டு வண்டிகளைப் பார்த்துக்கொள்கிற காவல்காரர் கண்ணில் படுகிற இடமாகப் பாருங்கள். அவருக்குக் கொடுக்கிற சில்லறையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அவ்வளவு செலவு முடியாது என்றால் முன்னால் மட்டும் ஒன்று போடுங்கள். கார்மின் மினி 2 அல்லது வியோஃபோ ஏ119 மினி 2, இரண்டும் சின்னவை. இறங்கும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறு எதை வாங்கினாலும் உள்ளே லித்தியம் பேட்டரி இல்லாமல், அதற்குப் பதிலாக மின்சாரம் சேமிக்கிற, வெப்பம் தாங்குகிற சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதாகப் பாருங்கள். ஜனவரி வெயிலில் கூரையைத் திறந்து நிறுத்தினால் சூரியன் நேரே கேமராவின் தலையில் இறங்கும். லித்தியம் பேட்டரி உப்பிப் போய் மூடி பிளந்து வந்தவை என் மேசைக்கு நிறைய வந்திருக்கின்றன. படத் தெளிவில் 4கே பின்னால் அலைய வேண்டாம், 1440 போதும். மெமரி கார்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். இடைவிடாத பதிவுக்கென்றே விற்கிற 'ஹை எண்டூரன்ஸ்' கார்டு வாங்குங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: தென்னாப்பிரிக்காவில் கார் இன்சூரன்ஸ் கட்டாயமில்லை. பெட்ரோல் விலையோடு சேர்த்து வசூலிக்கிற சாலை விபத்து நிதி உடம்புக்கு ஏற்படுகிற காயத்துக்குத்தான், வண்டியின் நசுங்கலுக்கு இல்லை. இடித்தவன் இன்சூரன்ஸ் இல்லாதவனாக இருந்து, தப்பு உங்கள் மேல் என்றும் சொன்னால், கையில் வீடியோ இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம். மின்வெட்டில் சிக்னல் செத்துக் கிடக்கும்போது இன்னும் மோசம். நாலு பக்கமும் நின்று, முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும் என்பது விதி. முதலில் வந்தது யார் என்பதில்தான் சண்டையே.

இனி பொருத்துவது. முன் லென்ஸ், பின்னால் வருவதைப் பார்க்கிற நடுக்கண்ணாடிக்கு இடப்பக்கம், அதன் மறைவில் இருக்கட்டும். நமக்கு வலப்பக்க ஸ்டீயரிங், அதனால் பார்வையை மறைக்காது. உங்கள் வண்டியில் கூரைக் கொக்கி நடுவில் மேலே இருக்கிறது. கொக்கியைத் திருப்புகிற கை லென்ஸில் படாதபடி ஒருமுறை வைத்துப் பார்த்துவிட்டு ஒட்டுங்கள். கண்ணாடி ஓரத்துக் கருப்புப் புள்ளிகள் மேல் டேப் நிற்காது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, அழுத்தி ஒட்டி, ஒரு நாள் அதைத் தொடாமல் விடுங்கள்.

வயரை முன் விளிம்புப் பட்டைக்குள் செருகி, பக்கத் தூண் வழியாக இறக்கி, கதவுப் படியின் பிளாஸ்டிக்கிற்கு அடியில் பின்னால் கொண்டுபோங்கள். கதவு ரப்பருக்கும் கூரைக்கும் நடுவே மட்டும் விடாதீர்கள், அங்கே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும் மழைத் தண்ணீர் மடியில்தான். கூரைத் தண்ணீர் வடிகிற துளைகள் இருக்கைக்குப் பின்னால் இரு பக்கமும் இருக்கின்றன. மிச்ச வயரைச் சுருட்டி அங்கே திணித்தால் துளை அடைத்து, தண்ணீர் உள்ளே தேங்கி, கார்பெட் நாறும். டிக்கியிலிருந்து வெளியே போக, நம்பர் பிளேட் விளக்கின் வயர் போகிற ரப்பர் துளையே போதும். எம்4 சாலையில் கடலோரமாகவே ஓட்டுகிறவர் என்றால் வெளி இணைப்பை உப்புக் காற்று தின்றுவிடும். கிரீஸ் தடவி, ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றுங்கள்.

மின்சாரத்தை ஃபியூஸ் பெட்டியில் சாவி போட்டால் மட்டும் உயிர் வருகிற இணைப்பிலிருந்து எடுங்கள். வண்டி நிற்கும்போதும் பதிவாகிற பார்க்கிங் மோடை நான் இந்த வண்டிகளுக்குப் போடுவதில்லை. வார இறுதியில் மட்டும் எடுக்கிற வண்டி, ஐந்து நாள் கேமரா ஓடினால் ஆறாம் நாள் ஸ்டார்ட் ஆகாது. வேண்டியே தீரும் என்றால் வண்டி பேட்டரி 12.4 வோல்ட்டுக்கு இறங்கியதும் தானாக நிற்கும்படி வையுங்கள், 12.0 வரை விடாதீர்கள்.

அதிர்வு உணரியை மிகக் குறைவாக வையுங்கள். கூரை இல்லாத வண்டியின் உடல் மூடிய காரைவிடக் கூடுதலாக ஆடும். ஒவ்வொரு குழியையும் விபத்து என்று எண்ணி கோப்பை அழியாதபடி பூட்டிக்கொண்டே போனால் கார்டு நிரம்பிவிடும். மைக்கை அணைத்துவிடுங்கள். கூரை திறந்தால் காற்றுச் சத்தம் தவிர எதுவும் கேட்காது. வண்டியை மச்சானுக்கோ நண்பருக்கோ கொடுக்கும்போது, அவர்கள் பேசுவதை அவர்களுக்குத் தெரியாமல் பதிவு செய்கிற சட்டச் சிக்கலும் இல்லாமல் போகும். வீடியோவை இன்சூரன்ஸுக்கும் போலீசுக்கும் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்கு, தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான போப்பியா சட்டத்தில் விலக்கு உண்டு, அடுத்தவர் முகத்தோடு ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுவது அந்த விலக்குக்குள் வரும் என்று நம்பாதீர்கள்.

பட்டைகளையெல்லாம் திரும்ப மூடுவதற்கு முன் கூரையை நாலைந்து தடவை முழுக்கத் திறந்து மூடுங்கள். வயர் எங்காவது இழுபட்டால் அப்போதே தெரிந்துவிடும், மறுபடி கழற்றுகிற வேலை மிச்சம்.