குறட்டை திடீரென்று நின்றால்தான் பயம்

பினாங்கில் ஒரு மருத்துவமனையின் தூக்கப் பரிசோதனை அறையில் பல ஆண்டுகள் இரவு வேலை பார்த்த தாதி நான். தூக்கத்தில் மூச்சு அடிக்கடி நின்றுபோகும் ஸ்லீப் அப்னியாவும் இதயமும் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, வீட்டுக்காரர் பயங்கரமா குறட்டை விடுவார். திடீர்னு சத்தமே இருக்காது, அப்புறம் மூச்சை இழுத்துக்கிட்டுப் புரள்வார். மாமியார் "அலுப்பு, தூங்கட்டும் விடு"ங்கிறாங்க. (ஆயர் ஈத்தாம்)

விடாதீங்கம்மா. அந்த அமைதியில் அவர் மூச்சே விடவில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து வழி அடைத்துக்கொள்கிறது. மார்பும் வயிறும் ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. இதைத் திரையில் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் 95, 90, 84 விழுக்காடு என்று இறங்கும், கால் விரல்கள் வெட்டி இழுக்கும், பிறகு ஒரு பெரிய மூச்சு. அந்த நொடியில் ரத்த அழுத்தம் எகிறும், இதயம் படபடக்கும். காலையில் கேட்டால் "நல்லா தூங்கினேனே" என்பார்கள்.

10 விநாடியாவது மூச்சு நின்றால் அதை ஒரு தடவையாகக் கணக்கெடுப்போம். மூச்சு முழுதாக நிற்காமல் நன்றாகக் குறைந்து, ஆக்சிஜன் இறங்கினாலும் சேரும். மணிக்கு 5 முதல் 15 வரை லேசு, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் ஏழு மணி நேரத் தூக்கத்தில் 210 தடவை. ஓய்வெடுக்க வேண்டிய நேரத்தில் இதயம் இத்தனை முறை பதறுகிறது! அடைத்த தொண்டைக்கு எதிராக மார்பு இழுக்கும்போது இதயத்தின் மெல்லிய மேலறைகளும் இழுபடுகின்றன. இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இவர்களுக்கு அதிகம் வர இதுவும் ஒரு காரணம். பக்கவாதத்துக்கு அது வழிவிடும்.

இன்று இரவே போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள். கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார கிளினிக்) டாக்டரிடம் காட்டிப் பரிசோதனைக்குக் கடிதம் கேளுங்கள்.

சிஸ்டர், 46 வயசு, லோரி ஓட்டுறேன். மூணு பிரஷர் மாத்திரை போட்டும் 160க்குக் கீழ இறங்கல. (பிறை)

தம்பி, மூன்று மாத்திரைக்கும் அடங்காத ரத்தக் கொதிப்பு என்றால் தூக்கத்தையும் பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர்களில் நிறைய பேருக்கு இந்தக் கோளாறு இருக்கும். இரவில் ரத்த அழுத்தம் 10 விழுக்காடாவது தணிய வேண்டும், இவர்களில் பலருக்குத் தணிவதில்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இதயத்தைவிட உங்களை நினைத்து நான் முதலில் பயப்படுவது ரோட்டுக்கு. இரவில் கோலாலம்பூருக்கு லோட் ஏற்றிப் போகும்போது கண் சொக்கினால் ஓய்விடத்தில் நிறுத்திவிடுங்கள். காப்பி அந்தத் தூக்கத்தைத் தீர்க்காது.

ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வருமா?

வரும். தாடை சிறிதாக, உள்ளடங்கி இருந்தாலே போதும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் கூடுகிறது. குறட்டையைச் சொல்ல வெட்கப்பட்டு அவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள்.

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வெச்சிருக்கு. தூங்கும்போது மாஸ்க் வழியா காத்து அடிச்சுத் தொண்டையைத் திறந்து வைக்கிற சிபேப் மெஷினை ரெண்டு மணி நேரத்துல கழட்டிப் போட்டுடுறார். அதைப் போட்டா மறுபடி ஹார்ட் அட்டாக் வராதா? (பட்டர்வொர்த்)

அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். ஏற்கெனவே இதய நோயோ மூளை ரத்தக்குழாய் நோயோ இருந்த சுமார் 2,700 பேரை வைத்து நடந்த சேவ் என்ற பெரிய ஆய்வு 2016இல் வெளிவந்தது. மெஷின் கொடுத்ததால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் அதைப் போட்டது சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான். பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்கும் என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனக்கு அதுவே போட்டுவிடப் போதுமான காரணம். ஸ்டென்ட் மாத்திரைகளுக்கு இது மாற்று இல்லை.

ஏன் கழற்றுகிறார் என்று கேளுங்கள். மூக்கெலும்பில் சிவந்த தடம் இருந்தால் மாஸ்க் அளவு சரியில்லை. வாய் வறண்டால் ஈரப்பத டப்பாவில் தண்ணீர் இருக்கிறதா பாருங்கள். ஒரு வாரம் மாலையில் டிவி பார்க்கும்போது போட்டுப் பழகட்டும். படுக்கும் முன் பீரும் தூக்க மாத்திரையும் தொண்டையை இன்னும் தளர்த்தும், இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருக்கிறேன். இனிப்பு நீர் இல்லைன்னுட்டாங்க. இதுக்கும் ஸ்லீப் அப்னியாவுக்கும் சம்பந்தம் உண்டா, ஆண்டி?

உண்டு. மூச்சு அடைபடும்போது இதயத்தின் மேலறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று எண்ணி, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனை அது சுரக்கிறது. புரோஸ்டேட்டையும் பார்த்து, ஒன்றும் இல்லை என்றால் அடுத்த முறை டாக்டரிடம் குறட்டையைப் பற்றியும் சொல்லுங்கள். உங்கள் மனைவியையும் கூட்டிப் போங்கள். நீங்கள் தூங்குவதைப் பார்த்தவர் அவர்தானே.