கசிவு தெரிந்த தேதிதான் உங்கள் வழக்கு

கேள்வி: அண்ணா நகரில் இரண்டாவது மாடியில் சொந்த பிளாட். ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி உயரத் தொட்டியில் விரால் இரண்டும் மகசீர் மூன்றும் ஐந்து வருடமாக வளர்த்தேன். விரல் நீளக் குஞ்சாக வந்தவை. போன மாதம் ஒரு நள்ளிரவில் மூலை ஜாயின்ட் விட்டு மொத்தத் தண்ணீரும் இறங்கிவிட்டது. விரால்கள் பிழைத்தன, மகசீர் மூன்றும் போய்விட்டன. கீழ் வீட்டுக்காரர் முதலிலிருந்தே மீன் வாடை என்று சண்டை போடுபவர். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், இன்வெர்ட்டர் என்று ரூ.4,80,000 கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டிருக்கிறார். இரண்டு வாரம் முன்பே லேசாகக் கசிந்தது. தொட்டி செய்தவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். வந்து வெளிப்பக்கம் சிலிக்கான் பூசிவிட்டுப் போனார். தப்பு அவருடையதுதானே? என் மீனுக்கு நஷ்ட ஈடு கிடையாதா?

பதில்: ஐந்து வருடம் வளர்த்த உயிர்கள் போன வருத்தம் புரிகிறது. ஆனால் கீழ் வீட்டுக்காரரின் குணமும் வாடைச் சண்டையும் கோர்ட்டில் எடுபடாது. உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே வரி: "இரண்டு வாரம் முன்பே லேசாகக் கசிந்தது."

அந்த வரி இல்லாவிட்டால் வாதாட இடம் உண்டு. தேக்கி வைத்த தண்ணீர் வெளியேறினால் தேக்கியவர் பொறுப்பு என்ற ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் (1868) என்ற இங்கிலாந்து வழக்கின் கோட்பாட்டுக்கு எதிராக, வீட்டில் மீன் வளர்ப்பது சாதாரண உபயோகம்தான் என்று நிற்கலாம். ஆயிரம் லிட்டரை மாடியில் வைத்துக்கொண்டு அது கடினம், ஆனாலும் நிற்கலாம். கசிவு முன்கூட்டியே தெரியும் என்றால் அந்த விவாதமே தேவையில்லை. அது நேரடியான கவனக்குறைவு.

எதிர்த் தரப்பு என்ஜினியர் சொல்லப்போவது இதுதான். காய்ந்த பழைய சிலிக்கான் மேல் புதுசு சரியாக ஒட்டாது. தண்ணீர் உள்ளிருந்து தள்ளுவதால் வெளிப்பூச்சு தாங்காது. மீனை மாற்றி, தண்ணீரை இறக்கி, உள் ஜாயின்ட்டை பிளேடால் முழுக்கச் சுரண்டி, அசிட்டோன் போட்டுத் துடைத்து, புதிதாகப் போட்டுக் காயவிட வேண்டும். அடுத்து உங்களையே கேட்பார்கள்: "தண்ணீரையாவது பாதிக்கு இறக்கினீர்களா?" பாதி உயரத்துக்கு இறக்கினால் பக்கக் கண்ணாடி மேல் விழும் மொத்த விசை கால்வாசியாகிவிடும். கூண்டில் நின்றுகொண்டு பொய் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. உண்மையைச் சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்தது.

இந்த மாதிரி வழக்குகளில் கட்சிக்காரர்கள் விழும் குழி பதில் நோட்டீஸ்தான். தொட்டிக்காரர் மேல் கோபத்தில், "முன்பே சொன்னேன், அவர் அலட்சியமாகப் பூசினார்" என்று தாங்களே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அவரைத் தாக்கும் வாக்கியம் என்று நினைத்து எழுதுவது, உங்களுக்கு முன்பே தெரியும் என்ற ஒப்புதலாக எதிர்த் தரப்பு கையில் போய்ச் சேரும். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் விளக்கம் எழுதுவதும் இதேதான். உடனே நிறுத்துங்கள்.

இன்னொரு குழி, பயந்துபோய் அந்தப் படத்தையும் மெசேஜையும் அழிப்பது. சாட்சியமாகக் கேட்கப்படக்கூடியதைத் தடுக்கும் நோக்கத்தோடு மின்பதிவை அழித்தால் பாரதிய நியாய சன்ஹிதா 241-ஆம் பிரிவில் குற்றம். தவிர, கீழ் வீட்டுக்காரரிடம் உங்களைக் கவிழ்க்கும் அதே மெசேஜ்தான் தொட்டிக்காரர் மேல் உங்களுக்கிருக்கும் சாட்சி. அது வேறு வழக்கு, நுகர்வோர் ஆணையத்தில், இரண்டு வருடத்துக்குள். பில் இல்லாவிட்டாலும் ஜிபே பதிவு போதும்.

தொட்டிக்காரர் மேல் போடும் அந்த வழக்குக்கு உயிர், ஜாயின்ட் விட்ட கண்ணாடிதான். பலர் மறுநாளே குப்பையில் போட்டுவிடுகிறார்கள். அந்த மூலையின் இரண்டு கண்ணாடியையும் எடுத்து வையுங்கள், ஜாயின்ட்டை ஸ்கேல் வைத்துக் கிட்டத்தில் படம் எடுங்கள். சிலிக்கான் கண்ணாடியை விட்டுத் தோல் போலச் சுத்தமாக உரிந்திருந்தால், ஒட்டும்போது கண்ணாடியைத் துடைக்கவில்லை என்று வாதாடலாம். நடுவில் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தால் பசையில் குறையில்லை, விசை தாங்கவில்லை என்பார்கள். அப்போது ஸ்டாண்டு மட்டம், கண்ணாடி கனம் என்று கேள்வி திரும்பும். அதே தொட்டிக்காரரிடம் புதுத் தொட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.

செத்த மீனுக்கு விலை கேட்கவே கேட்காதீர்கள். கேட்டால் எங்கிருந்து வந்தது என்று நிரூபிக்க வேண்டும். மகசீர் குஞ்சு காவிரியில் சரணாலய எல்லைக்குள் அனுமதியின்றிப் பிடித்ததாக இருந்தால் வனத்துறை வழக்கை நீங்களே வாங்கிக்கொண்டு வருகிறீர்கள்.

ஆக, சமரசம் செய்துகொள்ளுங்கள். நீட்டினால் எடைப் பேச்சு வரும். தண்ணீர், 12 மி.மீ. கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,300 கிலோ, நிற்கும் இடம் 1.4 சதுர மீட்டர். வீட்டு அறைக்கு ஐஎஸ் 875 என்ற இந்தியக் கட்டடப் பளுத் தரநிலை சொல்லும் பளு சதுர மீட்டருக்கு 200 கிலோ. ஸ்லாப் விரிசலும் உங்கள் தலையில்தான் என்று புது ஐட்டம் முளைக்கும்.

ஆனால் 4,80,000 கொடுக்க வேண்டாம். பழைய கேபினட்டுக்குப் புதுசின் விலை கேட்க முடியாது, தேய்மானம் கழியும். சீலிங்கில் நனைந்த போர்டுக்கு மட்டும்தான் கணக்கு. இன்வெர்ட்டர் வாங்கிய பில்லும் சர்வீஸ் ரிப்போர்ட்டும் கேளுங்கள். அவர் ஆள், உங்கள் ஆள் இருவரும் சேர்ந்து அளக்கட்டும். இரண்டரை லட்சத்துக்குள் வந்தால் முடித்துவிடுங்கள். கடிதம் ஒவ்வொன்றிலும் "உரிமைக்குப் பாதகமின்றி, சமரசத்துக்காக மட்டும்" என்று மேலே இருக்க வேண்டும். பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு போட்டு லோக் அதாலத் அவார்டாகப் பதிந்தால் அது கோர்ட் டிகிரிக்கு (தீர்ப்பாணைக்கு) சமம், அப்பீல் கிடையாது.

"இனி மீன் வளர்க்க மாட்டேன்" என்றொரு ஷரத்து நிச்சயம் நுழைப்பார்கள். அதற்குக் கையெழுத்துப் போடாதீர்கள். 300 லிட்டருக்கு மேல் இல்லை, பீம் ஓரச் சுவரை ஒட்டி மட்டும் என்று மாற்றி எழுதுங்கள். பிழைத்த இரண்டு விராலுக்கும் அது சின்ன இடம்தான். ஆனால் வீட்டில் வைத்துக்கொள்ள முடியும்.