சுங்கை சிப்புட் பேண்டு பசங்க, டீச்சருங்க, பெத்தவங்க கேட்ட கேள்விங்களுக்கு பதில்

மார்ச்சிங் பேண்டு போட்டிக்கு, அதாவது மைதானத்துல நடந்துக்கிட்டே வாசிக்கிற போட்டிக்கு, ஷோ டிசைன் பண்றத பத்தி நிறைய பேரு கேட்டுட்டீங்க, ஒவ்வொண்ணா பதில் போடுறேன்.

கே (பேண்டு டீச்சர்): சார், எட்டு நிமிஷத்துக்கு அஞ்சு பாட்டு எடுத்து வச்சிருக்கோம், எல்லாமே அதிரடி பாட்டு. சரியா வருமா?

ப: வராது டீச்சர். எல்லாமே சத்தமா வேகமா போச்சுன்னா மூணாவது நிமிஷத்துலயே கேக்குறவங்களுக்கு காது மரத்துப் போயிடும், அப்புறம் நீங்க கடைசில எவ்ளோ பெருசா ஊதினாலும் அது பெருசா தெரியாது. மூணு பாட்டு போதும். 144 டெம்போல, அதாவது நிமிஷத்துக்கு 144 பீட்டுல, ஆரம்பிங்க, நடுவுல 72ல ஒரு மெதுவான பாட்டு. 144ல சரிபாதி 72, அதனால ஸ்நேர் (சின்ன ட்ரம்) பசங்க கை வேகத்த மாத்தாமலே அடிச்சிட்டு இருக்கலாம், மேல மெலடி மட்டும் மெதுவாகும், பாலம் தானா வந்துடும். அப்புறம் எல்லாரும் எல்லா நேரமும் ஊதணும்னு இல்லவே இல்ல. ஒரு எடத்துல கிளாரினெட், ஃபுளூட் மட்டும், ஒரு எடத்துல ட்ரம் மட்டும், எல்லாரும் சேந்து பெருசா ஊதுற எடத்துக்கு முன்னாடி ஒரு பார், அதாவது ஒரு தாளச் சுத்து, முழு அமைதி விடுங்க. அந்த அமைதிய டீச்சருங்க யாரும் நம்ப மாட்டேங்குறாங்க, ஆனா கூட்டம் நிமிந்து உக்கார்றது அங்கதான்.

கே (படிவம் நாலு மாணவி, கொடி வீசுற கலர் கார்டு குழு): கோச், கோடு, வட்டம், மறுபடி கோடுன்னு தான் போகுது. வேற என்ன போடலாம்?

ப: புது ஷேப் தேட வேணாம்மா, அதே வட்டத்த வேற வேற மாதிரி செய்ங்க. நெருக்கமா ஒரு தடவ, பாடாங் (மைதானம்) முழுக்க விரிச்சு ஒரு தடவ, அசையாம நின்னு ஒரு தடவ. காதுக்கு மாறுற அதே எடத்துல கண்ணுக்கும் மாறணும். கொடிய மேல தூக்கி வீசிப் பிடிக்கிறதையே எடுத்துக்க, சிம்பல் அடிக்கிற அந்த பீட்டுலதான் கம்பு கைக்கு வந்து சேரணும், அப்படின்னா ரெண்டு மூணு கவுண்ட் முன்னாடியே அது கைய விட்டுப் போயிருக்கணும். சிம்பல் அடிக்கும்போது வீசுனா லேட்டு. டிரம்பெட் சோலோ ஓடுறப்ப வேற மூலைல கொடி பறக்க விடாதீங்க, ஜட்ஜுக்கு எத பாக்குறதுன்னே தெரியாது. வேகமா ஓடுற மூவ்லாம் உங்க கார்டு பசங்களுக்கு, ஊதுறவங்களுக்கு மூச்சு வேணும்ல.

கே (முன்னாள் மாணவர்): அண்ணே, உருமி சேக்கலாமா?

ப: தாராளமா சேத்துக்குங்க தம்பி, ஆனா முதல்ல போட்டி ரூல்ல இன்ஸ்ட்ருமெண்ட் கட்டுப்பாடு இருக்கான்னு பாத்துக்குங்க. உருமில வளைஞ்ச குச்சிய தோல்ல தேய்க்கிறப்ப வர்ற அந்த முனகல் திறந்த வெளில தூரம் போகாது, பின்னால நிறுத்துனா வீண். முன்னாடி பிட் (நடக்காம ஒரே எடத்துல நின்னு தாள வாத்தியம் வாசிக்கிறவங்க) பக்கத்துல நிறுத்தி, பிராஸ் (டிரம்பெட் மாதிரி பித்தளை வாத்தியங்க) நிப்பாட்டுற எடத்துல விடுங்க. அதுலேருந்து ஜோகெட்ங்கற மலாய் நடனத் தாளத்துக்கு போங்க, ரெண்டும் மூணும் மோதிக்கிற தாளம் அது, நம்ம பசங்களுக்கு உடம்புலயே இருக்கு. சினிமா பாட்ட பேண்டுக்கு எழுதுறதா இருந்தா உரிமை வச்சிருக்கவங்க கிட்ட அனுமதி வாங்கிடுங்க.

கே (ஒரு அம்மா): தம்பி, என் மகன் பேஸ் ட்ரம். பின்வரிசை லேட்டுன்னு ஜட்ஜ் எழுதிட்டாங்களாம், பையன் சாப்புட கூட இல்ல.

ப: அக்கா, பையன் மேல தப்பில்லன்னு சொல்லுங்க, ஷோ வரைஞ்ச விதத்துல தான் கோளாறு. சத்தம் நொடிக்கு கிட்டத்தட்ட 340 மீட்டர் தான் போகும். 50 மீட்டர் பின்னால நின்னு அடிச்சா முன்னாடி வந்து சேர 0.15 நொடி ஆகும், 120 டெம்போல ஒரு பீட்டே அரை நொடிதான், அப்போ கால் பீட்டுக்கு மேல தள்ளிப் போயிடும். முன்னாடி பிட்டுல இருக்கவங்க பின்னாலேருந்து வர்ற ட்ரம்ம காதுல வாங்கி அது கூட சேந்து வாசிக்கணும், பின்னால இருக்கவங்க முன்சத்தத்த கேக்காம முன்னாடி நின்னு கையால தாளம் காட்டுற டிரம் மேஜர் கைய மட்டும் பாக்கணும். ட்ரம் லைன ரெண்டு ஓரத்துக்கும் பிரிக்காம நடு பாடாங்லயே ஒண்ணா வச்சா பாதி பிரச்சன போயிடும். பையன சாப்புட சொல்லுங்கக்கா.

கே: நாங்க முப்பது பேருதான். பெரிய டவுன் பள்ளிங்க நூறு பேரோட வருது, ஜெயிக்க முடியுமா?

ப: முடியும். பாடாங்க நிரப்பப் பாக்காதீங்க, நடுப்பாதி போதும். மார்க் ஷீட்ட வாங்கி படிங்க. அமெரிக்காவுல 1972லேருந்து போட்டி நடத்துற டிரம் கோர் இண்டர்நேஷனல்ல நூத்துக்கு 40 மார்க் மொத்த தாக்கத்துக்கு, 30 விஷுவல், 30 மியூசிக். உங்க ஷீட்டு வேற மாதிரி இருக்கும், ஆனா எங்கயும் தலைய எண்ணி மார்க் போடுறதில்ல.

கே: மூணு மணிக்கு எஸ்டேட் பஸ், நாலு மணிக்கு மழை. எப்படி பிராக்டிஸ் பண்றது?

ப: ஆரம்பத்த கத்துக்கிட்ட உடனே கடைசி ஒரு நிமிஷத்த சொல்லிக் குடுத்துடுங்க, நடுவ அப்புறம் பாத்துக்கலாம். கடைசியா கத்துக்குறது எப்பவும் அரைகுறையா நிக்கும், ஜட்ஜ் கையில பேனா இருக்குறப்ப அதுதான் ஓடிட்டு இருக்கும். மழைன்னா டேவான்ல (மண்டபத்துல) நின்ன எடத்துலயே கால் போட்டுட்டு அவங்கவங்க பார்ட்ட வாயால பாட விடுங்க. எந்த பையனுக்கு பாட வரலையோ அவனுக்கு ஊதவும் வரல, பஸ் வர்றதுக்குள்ள கண்டுபிடிச்சிடலாம்.