கேளுங்க சொல்றோம்

கேள்வி: ரெண்டாம் உலகப்போர்ல ராத்திரி குண்டு போடப் போன பிளேன் திரும்பி வரலன்னா, அதுல போனவங்க கதி வீட்டுக்கு எப்படித் தெரியும்? (ஒரு வாசகர், தங்கச்சிமடம்)

பதில்: கடலுக்குப் போன போட்டு விடிஞ்சும் கரை சேரலன்னா நம்ம ஊர்ல என்ன பாடுபடுவோம், அதே கததாங்க. பிரிட்டன்ல "காணவில்லை"ன்னு ஒரு தந்தி வரும், அம்புட்டுத்தான். லங்காஸ்டர்ங்கிற பிரிட்டிஷ் குண்டு பிளேன்ல வழக்கமா ஏழு பேரு, வால்ல துப்பாக்கிக்காரர் மட்டும் குளிர்ல தனியா உக்காந்திருப்பாரு. 1944 மார்ச் 30 ராத்திரி ஜெர்மனியில இருக்குற நியூரம்பர்க் நகரத்துக்குக் குண்டு போடப் போனப்ப நெலா வெளிச்சம் வேற (நெலாவுல மீனு வலையப் பாத்துரும்னு நாமளே யோசிப்போம், இவங்கள அனுப்பிட்டாங்க!), ஜெர்மன் பிளேன் சிலது அடியில வந்து மேல்நோக்கி வெச்ச துப்பாக்கியால சுட்டுச்சு, எங்கேருந்து அடி விழுதுன்னே பல பேருக்குத் தெரியல, 795 விமானத்துல 95 திரும்பல. பாராசூட்ல குதிச்சு கைதியானா செஞ்சிலுவைச் சங்கம் மூலமா சேதி வரும், அதுவும் லேட்டாத்தான். இல்லன்னா மாசக்கணக்குல காத்திருந்துட்டு, கடைசியில இறந்ததா வெச்சுக்கச் சொல்லி லெட்டர். ஒடம்பு கெடைக்காத 20,000க்கும் மேலான விமானப்படைக்காரங்க பேர இங்கிலாந்து ரன்னிமீட்ல கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க.