கேள்வி–பதில்: ஒலிம்பியாட் கணக்கும் உங்கள் சந்தேகங்களும்

கேள்வி: ப, ம இரண்டும் மிகை எண்கள். (ப + 1/ம)(ம + 4/ப) என்பதன் சிறும மதிப்பைக் கேட்டார்கள். இரண்டு அடைப்புக்கும் கூட்டுச் சராசரி – பெருக்குச் சராசரி விதியைப் போட்டு 8 என்று எழுதினேன். விடை 9 என்கிறார்கள். என் வரிகளில் தவறே தெரியவில்லையே?
– பதினொன்றாம் வகுப்பு மாணவர், காரைக்குடி

பதில்: நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மைதான். (விதி இதுதான்: இரண்டு மிகை எண்களின் கூட்டல், அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தைப் போல இரு மடங்குக்குக் குறையாது; இரண்டும் சமமானால்தான் சமக்குறி.) முதல் அடைப்பு 2√(ப/ம)-க்குக் குறையாது. இரண்டாவது 4√(ம/ப)-க்குக் குறையாது. பெருக்கினால் 8-க்குக் குறையாது. ஆனால் "8-க்குக் குறையாது" என்பது வேறு, "8 வரை இறங்கும்" என்பது வேறு. முதல் அடைப்பில் சமக்குறி வர ப × ம = 1 ஆக வேண்டும்; இரண்டாவதில் ப × ம = 4 ஆக வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்காது. ஆகவே 8 என்ற மதிப்பு வரவே வராது.

அடைப்பை விரித்துவிடுங்கள்: ப×ம + 4 + 1 + 4/(ப×ம). ப × ம = க என்று வைத்தால் 5 + க + 4/க. இப்போது விதியை ஒரே ஒரு தடவை போட்டால் போதும்: க + 4/க ≥ 4, சமக்குறி க = 2 ஆகும்போது. ப = 1, ம = 2 என்று போட்டுச் சரிபாருங்கள்: 3/2 × 6 = 9. இந்தச் சரிபார்ப்பு வரியை விடைத்தாளிலும் எழுத வேண்டும். அது இல்லாவிட்டால் 9 சரியான விடையாக இருந்தும் நிரூபணம் பாதியில் நிற்கிறது, மதிப்பெண்ணும் குறையும். ஒரே கணக்கில் விதியை இரண்டு முறை பயன்படுத்தினால், இரண்டு சமக்குறிகளும் ஒரே இடத்தில் வருகின்றனவா என்று உடனே பாருங்கள். நன்றாகக் கணக்குப் போடுகிறவர்களும் இந்த இடத்தில் விழுவதுண்டு.

கேள்வி: ப² = ம⁵ − 4 என்பதற்கு முழு எண் தீர்வே இல்லை என்று நிரூபிக்க, புத்தகத்தில் திடீரென்று 11-ஆல் வகுத்த மீதியைப் பார்க்கிறார்கள். அந்த 11 எங்கிருந்து வந்தது? மனப்பாடம் செய்ய வேண்டியதுதானா?
– கணித ஆசிரியை, திருநெல்வேலி

பதில்: மனப்பாடம் தேவையில்லை, அடுக்கைப் பார்த்தாலே போதும். நமக்கு வேண்டியது, ஐந்தாம் அடுக்குகள் மிகக் குறைவான மீதிகளையே தரும் ஒரு வகுஎண். 3, 5, 7 ஆகியவற்றை முயன்று பாருங்கள்: ஐந்தாம் அடுக்குகள் எல்லா மீதிகளையும் தந்துவிடும், ஒன்றும் கழியாது. ஒரு பகா எண்ணிலிருந்து 1-ஐக் கழித்தால் 5-இன் மடங்கு வர வேண்டும். அப்போதுதான் மீதிகள் சுருங்கும். அப்படிப்பட்ட முதல் பகா எண் 11. ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி, 11-ஆல் வகுபடாத ம-வுக்கு ம¹⁰ தரும் மீதி 1. ஆகவே ம⁵ தருவது 1 அல்லது 10. ம வகுபட்டால் 0. மூன்றே மீதிகள்.

இனி நேரடிக் கணக்கு. ம⁵ − 4 தரும் மீதிகள் 7, 8, 6. வர்க்கங்கள் தருபவை 0, 1, 3, 4, 5, 9. பொதுவான மீதி எதுவும் இல்லை, முடிந்தது.

கனங்களுக்கு இதே வழியில் 7, 13 கிடைக்கும். பகா எண் இல்லாவிட்டாலும் 9 இன்னும் நல்லது: கனங்கள் 0, 1, 8 மட்டுமே தரும். எனவே மூன்று கனங்களின் கூட்டல் 9-ஆல் வகுத்தால் ஒருபோதும் 4, 5 தராது. 2020-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 4. அதை மூன்று முழு எண்களின் கனங்களின் கூட்டலாக எழுதவே முடியாது. நான்காம் அடுக்குக்கு 16-ஐப் பிடியுங்கள்; மீதி 0 அல்லது 1.

மாணவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். சமன்பாட்டுக்கு ஒரே ஒரு தீர்வு இருந்தால்கூட, மீதியை மட்டும் வைத்து "தீர்வு இல்லை" என்று காட்ட முடியாது. ப² = ம⁵ + 4 என்பதற்கு ப = 2, ம = 0 தீர்வு; அங்கே எத்தனை வகுஎண்களைத் தேடினாலும் வீண். முதலில் −10 முதல் 10 வரை போட்டுப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை, ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கேள்வி: வடிவியல் கணக்குக்குப் படம் எப்படி வரைவது?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஈரோடு

பதில்: பெரிதாக, அரைப் பக்கத்துக்குக் குறையாமல், காம்பஸ் வைத்து. கோணங்கள் ஏறக்குறைய 45, 60, 75 பாகை இருக்கட்டும். அது இருசமபக்க முக்கோணத்தையோ செங்கோண முக்கோணத்தையோ ஒத்திருக்காது. இல்லாத சமத்துவத்தைப் படம் காட்டிவிட்டால் அதையே நம்பி எழுதிவிடுவோம். பிறகு விரிகோண முக்கோணம் ஒன்றும் வரையுங்கள். செங்கோட்டு மையம் (உச்சிகளிலிருந்து எதிர்ப் பக்கங்களுக்கு வரையும் செங்குத்துகள் சந்திக்கும் புள்ளி) வெளியே போய்விடும்; நீங்கள் கூட்டிய கோணங்களை அங்கே கழிக்க வேண்டி வரலாம்.

கேள்வி: பலகையில் 1 முதல் 2022 வரை எண்கள். ஏதேனும் இரண்டை அழித்து, பெரியதில் சிறியதைக் கழித்து வருவதை எழுத வேண்டும். ஒரே எண் மிஞ்சும் வரை இப்படியே செய்ய வேண்டும். கடைசியில் மிஞ்சும் எண் 0 ஆகுமா? எங்கே தொடங்குவது என்றே புரியவில்லை.
– பத்தாம் வகுப்பு மாணவர், வேலூர்

பதில்: 2022-ஐ மறந்துவிட்டு, 1-லிருந்து தொடங்கி இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து எண்கள் மட்டும் வைத்து ஆடிப் பாருங்கள். 1, 2 இருந்தால் மிஞ்சுவது 1. 1, 2, 3 இருந்தால் 0 அல்லது 2. நான்கு இருந்தாலும் இரட்டைதான். ஐந்தில் எப்போதும் ஒற்றை. எந்த வரிசையில் அழித்தாலும் ஒற்றை இரட்டை மாறவில்லை என்பது கண்ணில் படும். காரணம்: ப, ம-வுக்குப் பதில் ப − ம எழுதும்போது மொத்தக் கூட்டல் 2ம குறைகிறது, அது இரட்டை. தொடக்கக் கூட்டல் 1011 × 2023, ஒற்றை. ஆகவே 0 வராது.

2022-க்குப் பதில் 2024 என்றால்? கூட்டல் இரட்டை. ஆனால் அதனால் மட்டும் "0 வரும்" என்று எழுதிவிடக் கூடாது. செய்து காட்ட வேண்டும். அடுத்தடுத்த எண்களை இணைத்தால் 1012 ஒன்றுகள். அவற்றை இணைத்தால் 506 சுழிகள். மிஞ்சுவது 0.

கேள்வி: தேர்வில் நேரத்தை எப்படிப் பிரிப்பது?
– ஒரு பெற்றோர், மதுரை

பதில்: இரண்டு கட்டத் தேர்வுகளுக்கும் வெவ்வேறு வழி வேண்டும். முதல் கட்டமான ஐஓக்யூஎம் (இந்தியக் கணித ஒலிம்பியாட் தகுதித் தேர்வு) தேர்வில் 3 மணி நேரத்தில் 30 கேள்விகள், விடை மட்டும் போதும். விடைகள் 00 முதல் 99 வரை இருப்பதால் 143 என்று வந்தால் எங்கோ தவறிவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும். விடை 7 என்றால் 07 என்று நிரப்ப வேண்டும்.

அடுத்த கட்டமான ஆர்எம்ஓ-வில் (மண்டலக் கணித ஒலிம்பியாட்) 3 மணி நேரம், 6 கணக்குகள், முழு நிரூபணம். அரை மணிக்கு ஒன்று என்று பிரிப்பது மோசமான திட்டம். முதல் 15 நிமிடம் ஆறையும் படித்து, பிடி கிடைக்கிற இரண்டை எடுத்து, அவற்றைக் கடைசி வரி வரை எழுதி முடிக்கட்டும். பிறகுதான் மூன்றாவது. ஆறிலும் தொட்டுவிட்டு எதையும் முடிக்காத தாளைவிட, மூன்றை முழுதாக முடித்த தாளுக்கே மதிப்பெண் கூடுதலாக வரும். கடைசி 20 நிமிடம் புதிய கணக்கைத் தொட வேண்டாம்; எழுதியவற்றில் சமக்குறி நிபந்தனை, விடுபட்ட சிறப்பு நிலைகள், சுழியால் வகுத்த இடம் ஆகியவற்றைத் தேடட்டும்.